கீரிக்கு ஒரு குழாய்ப் பாதை

வாலு என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். பள்ளி விடுமுறை விட்டதும், அம்மா நடத்தும் சிமென்ட் குழாய்க் கிடங்கே கதி என்று கிடந்தாள். அங்கே அவளுக்கு ஒரே வேலை, கீரியை வேவு பார்ப்பது.

சாம்பல் நிறம், சிவந்த கண், உடம்பு நீளத்துக்கு வால். எலி ஒரு குழாய்க்குள் புகுந்தால் கீரியும் பின்னாலேயே புகும். மறுபக்கம் வெளியே வருவது கீரி மட்டும்தான், வாயில் எலியோடு. ஒருநாள் எங்கிருந்தோ ஒரு முட்டையை உருட்டி வந்தது. கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றது. பின்னங்கால்களுக்கு நடுவே முட்டையைப் பின்னால் வீசி, கல்லில் மோதி உடைத்தது. வாலு அசந்துபோனாள்.

"நல்லா கதை விடுற" என்றார், அவள் ஓடி வந்து சொன்னதைக் கேட்ட கிரேன் ஓட்டும் அக்கா.

அன்று காலை லாரி வந்து நின்றது. பெரிய குழாய் அடுக்கு முழுவதும் போக வேண்டும். ஒரு தெருவையே தோண்டிப் போட்டுக் காத்திருந்தார்கள். பெருமழைக்குள் குழாய் பதிக்காவிட்டால் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

கிரேன் மேல் வரிசையிலிருந்து முதல் குழாயைத் தூக்கியது. அப்போது அடிக் குழாயிலிருந்து கீரி தலையை நீட்டியது. வாயில் எதுவோ தொங்கியது.

எலி என்றுதான் வாலு நினைத்தாள். அது கீச்சென்று கத்திக் காலை உதறியது. எலி இல்லை, குட்டி!

எதிரே வேலி ஓரம் அடர்ந்த புதர் இருந்தது. நடுவே வெட்டவெளி. கீரி நாலடி ஓடியது. மேலே வட்டமிட்ட பருந்தின் நிழல் தரையில் விழுந்ததும், வந்த வேகத்தில் குழாய்க்குள் திரும்பிவிட்டது.

வாலு பறந்தடித்துக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடினாள். "அம்மா, கிரேனை நிறுத்தச் சொல்லும்மா. கீழ்க் குழாய்ல கீரி குட்டி போட்டிருக்கு."

அம்மா வந்து, குனிந்து உள்ளே பார்த்தார். 'உஸ்' என்ற சீறல் கேட்டதும் சட்டென்று பின்வாங்கினார். "இருக்கு. தாய்க்கீரி என்னைத் திட்டுது."

"குழாயோட தூக்கி ஓரமா வெச்சிரலாமே" என்றார் லாரி டிரைவர் மாமா.

"தூக்கினா குழாய் சாயும். குட்டி உருண்டு விழுந்துடும்" என்றார் கிரேன் அக்கா.

"அப்போ கையால எடுத்துருவோம்."

"எடுங்களேன். கடிச்சா ஊசி போடணும், அவ்வளவுதான்" என்றார் அம்மா.

டிரைவர் மாமா மெல்ல லாரிப் பக்கம் ஒதுங்கினார்.

"மேல் வரிசைங்களை ஏத்தி முடிக்கட்டும்" என்றார் அம்மா. "அதுக்குள்ள அதுவா போயிட்டா நல்லது."

ஆனால் கீரி போகவில்லை. தலையை நீட்டும், வானத்தைப் பார்க்கும், திரும்பிவிடும். அடுக்கு குறையக் குறைய வாலு கீரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் யோசித்தாள். இத்தனை நாளில் கீரி நடுவெளியில் நடந்து பார்த்ததே இல்லை. சுவரோரம் போகும், பலகைக்கு அடியில் போகும், குழாய்க்குள் போகும்.

குழாய்க்குள்!

"அம்மா, விளிம்பு உடைஞ்ச சின்னக் குழாயெல்லாம் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்குடி?"

"கீரிக்கு ரோடு போடப் போறேன்."

முதல் குழாயை உருட்டுவதற்குள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. கிரேன் அக்கா இறங்கி வந்து கைகொடுத்தார். டிரைவர் மாமாவும் முணுமுணுத்துக்கொண்டே ஒன்றை உருட்டி வந்தார். கீரி இருந்த குழாயின் வாயிலிருந்து புதரை நோக்கி முனையோடு முனையாக வைத்துக்கொண்டே போனார்கள். குழாய்கள் தீர்ந்தபோது புதர் இன்னும் ஒரு முழம் தள்ளி இருந்தது.

"பரவாயில்ல. எல்லாரும் லாரிக்குப் பின்னால வாங்க. பேசக் கூடாது" என்றாள் வாலு.

பெரியவர்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கீரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தது. முன்னங்கால்களைத் தூக்கி நின்று மோப்பம் பிடித்தது. புதிய குழாய்க்குள் மூக்கை நுழைத்தது. சரேலென்று உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் புதர் அசைந்தது.

வாலு அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கீரி குழாய் வழியே திரும்பி வந்து இரண்டாவது குட்டியைக் கவ்வியது. பிறகு மூன்றாவது.

மழைத்துளி விழுந்தது. "முடிஞ்சுது, ஏத்தலாம்" என்று டிரைவர் மாமா எழுந்தார்.

"இருங்க மாமா. உள்ள இன்னொண்ணு கத்துது."

"எனக்குக் கேக்கலையே."

"நாள் முழுக்க லாரிச் சத்தத்துலயே இருந்தா எப்படிக் கேக்கும்? உட்காருங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கடைசிக் குட்டியோடு கீரி மறுமுனையில் வெளியே வந்த அந்த நொடியில், பருந்து சரிந்து பாய்ந்தது.

கீரி ஓடவில்லை. குட்டியைக் கீழே போட்டு அதன்மேல் நின்றது. உடம்பு முடியெல்லாம் குத்திட்டு நிற்க, இரண்டு மடங்கு பெரிதாகிச் சீறியது. பருந்து தடுமாறி, இறக்கையை அடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனது. கீரி குட்டியைக் கவ்விக்கொண்டு புதருக்குள் மறைந்தது.

நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பார்த்தியா, என்னமா நின்னுச்சு" என்று டிரைவர் மாமா திரும்பத் திரும்பச் சொன்னார்.

மீதிக் குழாய்கள் மளமளவென்று ஏறின. ஒவ்வொன்றையும் தூக்குவதற்கு முன் டிரைவர் மாமாவே குனிந்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டார். மழை வலுப்பதற்குள் லாரி புறப்பட்டது.

புதரைத் தாண்டும்போது ஹார்னை நோக்கிப் போன கையை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அத்தனை பெரிய லாரி, பூனை நடப்பதுபோல் சத்தமில்லாமல் வாசலைக் கடந்து போனது.