கூடை சுமந்த நிழல்

மடவளைச் சந்தியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில்தான் சட்டத்தரணி ருக்கியாவின் அலுவலகம். அவருடைய எழுதுவினைஞர் அரூஸுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. எதிரே கண் கலங்க உட்கார்ந்திருந்தாள் ஜெயராணி, பன்வில பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். அவள் நடத்தும் யூடியூப் சேனல் நாளை நண்பகலோடு மூடப்படும் என்று அறிவித்தல் வந்திருந்தது.

"மூணு மாசத்துல லயத்து வீடுகள்ல இருக்க சனத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் தருவேன்னு, தேர்தல்ல நிக்கிற வேட்பாளரு மலையில வச்சு சொன்னாருங்க. நான்தான் வீடியோ புடிச்சேன். இப்ப கம்பியூட்டர்ல செஞ்ச பொய் வீடியோன்னு மேடையில சொல்றாரு. அவரோட மீடியா ஆளு யோகராஜோ, அதைத் தானே எடுத்ததா பதிப்புரிமை முறைப்பாடு போட்டுட்டாரு. எம்மேல இது மூணாவது முறைப்பாடு, அதான் சேனலையே மூடுறாங்க."

"போன்ல மூலப்பிரதி ஈக்கா?" என்றார் ருக்கியா.

"மழையில நனைஞ்சு போன் செத்துப்போச்சுங்க. அன்னிக்கே யோகராஜ் கேட்டாருன்னு அனுப்பினேன். அதான் அவருகிட்டயும் இருக்கு."

ருக்கியா வீடியோவை மூன்று தரம் பார்த்தார். மாலை வெயில், பேசும் வேட்பாளர், முன்னாலிருந்த தேயிலைச் செடிகளின்மேல் ஒரு நிழல். அரூஸுக்கு வேட்பாளரின் முகம் மட்டுமே தெரிந்தது, கோபம்தான் வந்தது.

"யோகராஜ வரச் செல்லுங்க அரூஸ். சமாதானமா பேசுவோம்."

சமாதானமாம்! அரூஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தான்.

இரண்டு மணிக்கு யோகராஜ் பெரிய கெமராவோடு வந்தான். "இதாலதான் எடுத்தேன் மெடம். ரோட்டோரமா நின்னு, ரெண்டு கையாலயும் புடிச்சு."

ருக்கியா கணினியை அவன் பக்கம் திருப்பினார். "இந்த நிழல் யாருட?"

"யாராச்சும் கொழுந்து எடுக்கிற பொம்பளையா இருக்கும்."

"கெமரா நகரக்குள்ள நிழலும் கூடவே நகருது. அப்ப இது வீடியோ எடுத்த ஆள்ட நிழல். முதுகுல கூடை ஈக்குது. இந்தா, ஒரு கை பின்னால போய் கூடையில கொழுந்து போடுது. நீங்க கூடையா சுமந்தீங்க?"

அரூஸ் துள்ளிக் குதித்தான். ஜெயராணி கண்ணைத் துடைத்தாள். "கொழுந்து கொறைஞ்சா அரைப்பேருதானுங்க, பாதி நாள் சம்பளம் போயிரும். அதான் பறிச்சுக்கிட்டே புடிச்சேன்."

யோகராஜ் கணினியை அப்பால் தள்ளினான். "சரி, அப்ப அது பொய் வீடியோன்னே இருக்கட்டும்."

"அதுக்கும் வழியில்ல." ருக்கியா ஒரு தாளை எடுத்து வைத்தார். "ஒங்கட முறைப்பாட்டுப் பிரதி. 'நானே நேரில் நின்று எடுத்த உண்மைக் காட்சி' எண்டு ஒங்கட பேரைப் போட்டு எழுதியீக்கீங்க. எடுத்தவ ஜெயராணி, அதனால உரிமையும் அவக்குத்தான். ஆனா காட்சி உண்மை எண்டதுக்கு சாட்சி நீங்க."

யோகராஜ் அங்கேயே முறைப்பாட்டை மீளப் பெற்றான். ஜெயராணி எழுந்திருக்கவில்லை.

"நீங்களும் லயத்துல பொறந்தவருதானே அண்ணே. வேட்பாளரு அப்படிச் சொன்னது நெசந்தானே?"

யோகராஜ் கெமராவை மேசையில் வைத்தான்.

"நெசந்தாம்மா. பக்கத்துலதான் நின்னேன். எங்கம்மா இன்னும் அந்த உறுதிக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு."

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த அரூஸ் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தான்.