பூட்ட முடியாத டப்ளெட்

டண்டினொங் தமிழ்ப் பள்ளியின் கலைவிழா மூன்று மணிக்குத் தொடங்கும். மணி இரண்டேகால். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் சுஜீதன் தன் மேலங்கியின் இரு பக்கங்களையும் பிடித்து இழுத்தான். அவை சந்திக்கவில்லை. நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது.

அந்த அங்கியின் பெயர் டப்ளெட். முன்னொரு காலத்தில் ஐரோப்பிய ஆண்கள் உடலை ஒட்டி அணிந்த உடை அது. போர்வீரர்கள் இரும்புக் கவசத்தின் கீழே அணிந்தது, பிறகு அரண்மனைகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்று மேடையில் அவன் வகுப்புத் தோழி ராகவி அதன் வரலாற்றைச் சொல்ல, சுஜீதன் அதை அணிந்து நடக்க வேண்டும். இருவருக்கும் வயது பத்து. தைத்தவர் ராகவியின் அம்மா, அளவெடுத்தவள் ராகவி.

"நீ பிழையா அளந்திருக்கிறாய்," என்றான் சுஜீதன்.

"ரெண்டு தரம் அளந்தனான். அளக்கேக்க மூச்சை இழுத்துப் பிடிச்சனியோ?"

சுஜீதன் சுவரைப் பார்த்தான். "கொஞ்சம்."

"கொஞ்சமோ? நாலு விரல்."

வேட்டி மாற்றிக்கொள்ள வந்த, அவர்கள் வகுப்பு ஸ்ரீகாந்த் வாசலில் நின்று சிரித்தான். "டேய், தலையணைய சின்ன உறைக்குள்ள திணிச்ச மாதிரி இருக்கு."

அவன் போன பிறகு சுஜீதன் அங்கியைக் கழற்றிக் கதிரையில் வைத்தான்.

"நான் மேடைக்கு வரேல்லை. வயித்துவலி எண்டு சொல்லிவிடு."

ராகவி அங்கியை உட்புறமாகத் திருப்பினாள். அம்மா தம் ரவிக்கைகளைத் தைப்பதுபோலவே இதையும் தைத்திருந்தார். இரு பக்க ஓரங்களிலும் ஒரு தையல். அதற்கு வெளியே ஒரு விரல் தள்ளி இன்னொரு தையல். ரவிக்கை இறுகினால், உள் தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொள்வது வழக்கம். ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு விரல் கிடைக்கும்.

அவள் சிறிய கத்தரிக்கோலை எடுத்து, உள் தையல்களை ஒவ்வொரு நூலாகப் பிரித்தாள். பத்து நிமிடம் ஆயிற்று.

"இப்ப போட்டுப் பார். மூச்சை விட்டிட்டுப் போடு."

எல்லாப் பொத்தான்களையும் பூட்ட முடிந்தது. ஆனாலும் சுஜீதன் கண்ணாடி முன்னாலிருந்து நகரவில்லை.

"வயிறு தெரியுது. எல்லாரும் சிரிப்பினம்."

ராகவி தன் உரை எழுதிய தாளைப் புரட்டினாள். "நேரம் காணாது எண்டு நான் ஒரு வரியை வெட்டினனான். வாசிச்சுப் பார்."

சுஜீதன் வாசித்தான். மறுபடியும் வாசித்தான். "உண்மையாவோ?"

"ஓம். புத்தகத்தில படமும் இருக்குது."

"அப்ப இந்த வரியை நான் சொல்லுறன்."

மூன்றரை மணிக்கு அவர்கள் மேடையேறினார்கள். ராகவி வரலாற்றைச் சொல்லி முடித்ததும் சுஜீதன் ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்றான்.

"ஒரு காலத்தில், பெரிய வயிறுதான் நாகரிகம். அதனால் பிரபுக்கள் டப்ளெட்டின் வயிற்றுப் பகுதிக்குள் பஞ்சை அடைத்துத் தைத்தார்கள்." அவன் தன் வயிற்றை மெதுவாகத் தட்டினான். "எனக்குப் பஞ்சுச் செலவு இல்லை."

மண்டபம் முழுவதும் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

மேடையை ஒரு சுற்று நடந்தால் போதும் என்று ஒத்திகையில் சொல்லியிருந்தார்கள். சுஜீதன் மூன்று சுற்று நடந்தான்.