மூன்றாவது புரூஃப்

அச்சகத்திலிருந்து வந்த புரூஃபில் ஒரு வரி மாறியிருந்தது.

விநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். செஞ்சி வட்டாரத்துக் குடும்பங்களைப் பற்றி இருபது வருடமாக எழுதிச் சேர்த்த புத்தகம் அது. கடைசி அத்தியாயம் அவருடைய குடும்பம். ‘ஒரே மகன் ரங்கநாதன், வங்கியில் வேலை’ என்று எழுதிக் கொடுத்த இடத்தில் ‘விநாயகத்துக்குச் சந்ததி இல்லை’ என்று இருந்தது.

வாக்கியம் அவருடையதுதான். ஆனால் அதை அவர் எழுதியது நாற்பதாம் பக்கத்தில், பச்சமுத்துவைப் பற்றி. ஏரிக்கரையில் விநாயகம் இன்று பயிர் வைக்கும் ஏழு காணியும் பச்சமுத்துவுடையது. வாரிசில்லாதவன் நிலம் என்று சொல்லித்தான் விநாயகத்தின் தாத்தா வளைத்துக்கொண்டார். தை மாதம் பச்சமுத்துவின் பேத்தி பூவாயி வாசலில் வந்து நின்றாள். நிலம் கேட்கவில்லை.

"நான் இருக்கறேன் சாமி. இல்லேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, அன்றைக்கே ‘சந்ததி இல்லை’ என்று எழுதினார். பங்குனியில் அவள் செத்துப்போனாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, மழை பொய்த்த வருடம். ஏரி வற்றி வெறும் சேறாகக் கிடந்தது. அவளை அந்தச் சேற்றிலிருந்துதான் தூக்கினார்கள்.

வரியைச் சிவப்பு மையில் அடித்து, மகன் பெயரை ஓரத்தில் எழுதித் திண்டிவனம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

வியாழக்கிழமை இரண்டாவது புரூஃப் வந்தது. அதே வரி. பக்கத்தில் அச்சுக் கோக்கும் அப்துல் சுக்கூர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘ஐயா, மாத்திக் கோத்துட்டுதான் அடிச்சேன். எனக்கே புரியல.’

மத்தியான வெயில் கோட்டைப் பாறையில் காய்ந்து வீட்டுக்குள் அனலாக இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மழையே பார்க்காத கூடத்தில் ஏரிச் சேற்றின் வாசனை மெல்ல எழுந்து மூக்கில் ஏறியது. சுவரில் மகனின் பட்டமளிப்புப் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. மாடியில் அவன் அறையில் நெல் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மேலே வருடக்கணக்கான தூசி.

வள்ளியம்மாள் அடுக்களையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரங்கன் எங்கே என்று கேட்டார்.

"எந்த ரங்கன்?" என்றாள் அவர் மனைவி. விளையாட்டாகக் கேட்கவில்லை.

புரூஃபைக் கையில் பிடித்தபடியே வங்கிக்கு ஓடினார். அப்படி யாரும் இங்கே இல்லையே என்று சொல்லி, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அவருக்கு அழுகை வந்தது. அங்கேயே நாற்பதாம் பக்கத்தைப் பிரித்து, பச்சமுத்துவின் வரியை அடித்து, ‘பேத்தி பூவாயி’ என்று எழுதினார். மகனை எப்படியாவது திருப்பிக் கொடுத்தால் போதும், ஏழு காணியும் போகட்டும். புரூஃப் கட்டைத் தானே பஸ்ஸில் ஏற்றினார்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மூன்றாவது புரூஃப் வந்தது. முப்பது வருடமாகப் பழகிய கண்டக்டர் அன்வர் பாஷா கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாருங்க? யார் பேருக்கு வந்தது?"

பிடுங்கிப் பிரித்தார். நாற்பதாம் பக்கத்தில் பூவாயியின் பெயர் அச்சாகியிருந்தது. ஒரு மூச்சு விட்டார். கடைசி அத்தியாயத்தைத் திருப்பினார்.

தாத்தாவின் பெயர் இருந்தது. கீழே, ‘சந்ததி இல்லை.’

அப்பா இல்லை. அவர் இல்லை. அத்தியாயமே ஒரு பக்கம்தான்.

வீட்டுக்கு ஓடினார். கதவு திறந்திருந்தது. வள்ளி என்று கூப்பிட்டார். அடுக்களையில் அடுப்பே இல்லை. கூடத்துத் தரையில் ஈரக் காலடிகள். சேறு. அவருடைய மேசை வரை.

நாற்காலியில் பூவாயி உட்கார்ந்திருந்தாள். முடியிலிருந்து சேறு சொட்டியது. அவள் முன்னால் ஒரு புரூஃப்.

வாசற்படியிலேயே விழுந்து கும்பிட்டார்.

"நான் இருக்கறேன் தாயி," என்றார். "இல்லேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

பூவாயி அவரைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.