ஓடைப்பாலத்தில் பத்து நிமிடம்

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடியின் பேருந்துத் தடங்கள் எல்லாம் அழிந்து புதிதாக முளைக்கும். வாரம் முழுக்க மக்களின் கைபேசிகள் போய்வந்த வழிகளைத் ‘தடமறியி’ தானாகவே சேர்த்து, அதன்படி ஓட்டுநரில்லாப் பேருந்துகளை அனுப்பும். பேருந்து கேட்டு மனு கொடுத்துப் பயனில்லை. நடந்துதான் பேருந்து வாங்க வேண்டும். தட அலுவலர் என்று எனக்கொரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், அவ்வளவுதான் அதிகாரம்.

அன்று உப்பூரணியிலிருந்து உப்பளத் தொழிலாளி ஜெபக்கனி வந்தார்.

“மூணு வருசமா எங்களுக்கு பஸ் விட மாட்டேங்கு உங்க மிஷினு. எங்கள ஏத்திட்டுப் போற லோடு வண்டிக்கார அண்ணாச்சியும் இந்த மாசத்தோட வண்டிய நிறுத்துதாரு. நாங்க நாலு கிலோமீட்டர் நடந்துருவோம் சார். கால் சரியில்லாத புஷ்பம் எப்படி வேலைக்கு வருவா?”

வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. “உங்க ஊருக்கு ஏற்கெனவே பஸ் ஓடுதுன்னு நெனச்சிருக்குக்கா. இருபத்தெட்டு போன் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குதுல்லா?”

“கூறுகெட்ட மிஷினு. தொங்கிக்கிட்டுல்லா போறோம், அது பஸ்ஸா?”

“ஒரு வாரம் வண்டிய விட்டுட்டு நடங்க. தனித்தனியா நடக்கணும். கூடுனா மறுபடியும் பஸ்ஸுன்னு நெனச்சிரும்.”

திங்களன்று திரையில் இருபத்தெட்டுப் புள்ளிகள் தனித்தனியே கிளம்பின. ஊர் எல்லையிலுள்ள ஓடைப்பாலத்தில் அப்படியே குவிந்து நின்றுவிட்டன. பதறிப்போய் அழைத்தேன்.

“ஏங்க்கா கூடுனீங்க? காரியமே கெட்டுப்போகும்.”

“புஷ்பம் இன்னும் வரல சார். அவள விட்டுட்டுப் போகச் சொல்லுதியளா?”

தினமும் இதே கதைதான். பத்து நிமிடம் நிற்பார்கள். கடைசிப் புள்ளி வந்ததும் மெல்ல நகர்வார்கள். சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது.

ஞாயிறன்று பயந்து பயந்து திரையைத் திறந்தேன். உப்பூரணிக்குப் புதுத் தடம் வந்திருந்தது. நடையைப் பேருந்தென்று நினைக்கும் அளவுக்குத் தடமறியி முட்டாளில்லை. அந்தப் பட்டம் எனக்குத்தான். ஜெபக்கனியை அழைத்துச் சொன்னேன். கைபேசியில் வந்த குலவைச் சத்தத்தில் காது அடைத்தது. சந்தோஷத்தில் நானும் கூடக் கத்தினேன்.

மறுநாள் நானும் போனேன். ஓடைப்பாலத்திலிருந்து பேருந்து தொடங்கியது. இருபத்தேழு பேர் ஏறிவிட்டார்கள். நகரத்தில் எந்த நிறுத்தத்திலும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்காத பேருந்து அசையவே இல்லை. பழுதோ என்று முன்திரையைப் பார்த்தேன். ‘ஓடைப்பாலம்: நிற்கும் நேரம் பத்து நிமிடம்.’

தூரத்தில் புஷ்பம் காலை இழுத்து இழுத்து ஓடிவந்தாள். ஜெபக்கனி சன்னல் வழியே தலையை நீட்டினார்.

“ஏட்டி, மெதுவா வா. பஸ்ஸு உனக்காகத்தான் நிக்கி.”