பிணம் வாங்க மறுத்தவள்

"நான் வாங்க மாட்டேன்."

பிணவறை வாசலில் முருகம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் முன்னால் வெள்ளைத் துணியில் ஒரு பொட்டலம். உள்ளே இருப்பது மனுஷன் என்று யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

அன்று காலை ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்துச் சிதறியது. தனி அறை. உள்ளே ஒரே ஆள். அது முனியராஜ் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

முனியராஜ், முருகம்மாளின் புருஷன். அந்தக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன்.

"எம்மா, பொழுது போகுது. கையெழுத்தப் போட்டு வாங்கிட்டுப் போயி ஆக வேண்டியதப் பாரு" என்றான் பாண்டிச்செல்வம். கம்பெனி முதலாளி சோலைமலையின் தம்பி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காலையில் ஒரு உயிர் போன கம்பெனியிலிருந்து வருகிறவன். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை.

"பெரிய மொதலாளி எங்க?"

"அண்ணன் ஊர்ல இல்ல."

"எங்க போயிருக்காக?"

பாண்டிச்செல்வம் தொண்டையைச் செருமினான்.

"அந்தமான். மக சினேகா ஆசைப்பட்டு அப்பாவுக்கு டூர் புக் பண்ணிக் குடுத்துச்சு. முதுகுல சிலிண்டரக் கட்டிக்கிட்டு கடலுக்குள்ள முங்கி மீன் பாக்குறது. ஸ்கூபா டைவிங்னு பேரு."

முருகம்மாளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"இங்கன எம் புருசன் கரிக்கட்டையாக் கெடக்கான். அங்கன உங்க அண்ணன் தண்ணிக்குள்ள மீன் பாக்காகளா? வரச் சொல்லுங்க. வந்து அவுக கையால இந்தப் பொட்டலத்தத் தூக்கி எங்கிட்டக் குடுக்கட்டும். அதுவரைக்கும் இது இங்கனதான் கெடக்கும். உங்க கம்பெனி மானத்தோட சேந்து நாறட்டும்."

"இந்தா பாரு..."

"இன்னொண்ணு. திங்கக்கெழம நாக்பூருக்கு லோடோட போறேன்னு பையத் தூக்கிட்டுப் போன மனுசன், இன்னைக்கு மருந்து ரூமுக்குள்ள எப்படி வந்தாரு?"

"பாதி வழியில எறங்கச் சொல்லி நான்தான் கூப்பிட்டேன். ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. கலக்க ஆள் பத்தல."

"வீட்டுக்குக்கூட வராமயா?"

"அத அவன்கிட்டத்தான் நீ கேக்கணும்."

முருகம்மாளின் கை ஓங்கிவிட்டது.

அந்தக் கையைப் பாதியிலேயே ஒரு காக்கிச் சட்டைக் கை பிடித்தது.

இன்ஸ்பெக்டர் சண்முகத்தாய். பட்டாசு ஊரான விஸ்வநத்தத்துக்காரி. அவளுடைய அம்மா, பயர் ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள்.

"அடிக்காதீக. அடிச்சா உங்க மேல கேஸ் போடணும். எனக்கு அதுல இஷ்டம் இல்ல."

பிறகு பாண்டிச்செல்வத்தின் பக்கம் திரும்பினாள்.

"உங்க அண்ணனுக்குத் தகவல் சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன் மேடம். நாளைக்கு நானே பிளேன்ல போயி கூட்டிட்டு வாரேன்."

"போனவருக்குத் திரும்பி வர வழி தெரியாதாக்கும்?" என்றார் பக்கத்தில் நின்ற ஏட்டு வெள்ளைத்துரை. எந்தச் சாவு வீட்டிலும் வாயை அடக்கத் தெரியாத மனுஷன்.

"அதிர்ச்சியில இருக்காரு ஏட்டய்யா."

"லைசென்ஸ் அவர் பேர்ல இருக்கு" என்றாள் சண்முகத்தாய். "வெடிச்ச கையோட ஓடி ஒளியிற மொதலாளிகள நிறையப் பாத்துட்டேன். அவரு அங்கனதான் இருக்காருன்னு நான் எப்படி நம்புறது?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல, பாண்டிச்செல்வம் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான்.

"டைவிங் கடை நம்பர் மேடம். நீங்களே பேசிப் பாருங்க."

சண்முகத்தாய் தன் செல்போனில் எண்களை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வணக்கம், ராமகிருஷ்ணன் பேசுறேன்." அந்தமானுக்குப் பிழைக்கப் போன தமிழ்க் குரல். கடலில் முங்கச் சொல்லித் தருகிறவன்.

"விருதுநகர் பக்கமிருந்து போலீஸ் பேசுறேன். சோலைமலைன்னு ஒருத்தர் அங்க வந்திருக்காரா?"

"அவரா? அவர மறக்க முடியுமா மேடம்?"

"ஏன்?"

"காலைல போட்காரர் சிலிண்டரத் தரையோட தரதரன்னு இழுத்துட்டு வந்தாரு. இவரு பாய்ஞ்சு போயி அவரு கையப் புடிச்சுக்கிட்டாரு. 'இழுக்காத, தூக்கு'ன்னு ஒரே கத்தல். உள்ள வெறும் காத்துதான் சார்னு சொல்றேன், காதுலயே வாங்கல. அம்புட்டுச் சிலிண்டரையும் தானே பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி தூக்கி வச்சாரு."

சண்முகத்தாயின் புருவம் சுருங்கியது.

"அப்புறம்?"

"செருப்பக் கரையிலயே கழட்டிட்டாரு. இடுப்புல எடை பெல்ட் கட்டப் போனா, இரும்பா இரும்பான்னு கேட்டு உயிர வாங்கிட்டாரு. பக்கத்துல ஒரு டூரிஸ்ட் சிகரெட் பத்த வச்சாரு. புடுங்கிக் கடல்ல எறிஞ்சுட்டாரு. நாலு பேருக்கு மேல ஒரு எடத்துல நிக்கக் கூடாதாம். பட்டாசுக் கம்பெனி மொதலாளிக எல்லாருமே இப்படித்தானா மேடம்?"

இல்லை. எந்த முதலாளியும் இப்படி இல்லை!

மருந்து அறையில் எதையும் தரையோடு இழுக்கக் கூடாது. உரசினால் ஒரு பொறி போதும். செருப்பு கூடாது, இரும்பு கூடாது, ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. மருந்து கலக்கும் ஆளுக்கு இது மூளையில் இருக்காது. உடம்பில் இருக்கும். சண்முகத்தாயின் அம்மா வீட்டில் அரிசி மூட்டையைக்கூட இழுக்க விடமாட்டாள். இழுத்தால் முதுகில் அடி விழும்.

சோலைமலையோ மருந்து அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஆள். அது அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

சண்முகத்தாய் நிமிர்ந்து பாண்டிச்செல்வத்தைப் பார்த்தாள். அவன் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

"அவர்கிட்ட போனக் குடுங்க."

கரகரவென்று சத்தம். பிறகு, வலுக்கட்டாயமாகக் கனமாக்கிக்கொண்ட ஒரு குரல்.

"ஹலோ... சோலைமலை பேசுறேன்."

சண்முகத்தாய் வாய் திறப்பதற்குள் போன் அவள் கையில் இல்லை. முருகம்மாள் பிடுங்கியிருந்தாள்.

"யோவ்."

மறுமுனையில் அலைச் சத்தம் கேட்டது.

"யோவ். ஒன்னத்தான் கேக்கேன். எங்கன இருக்க?"

கனமான குரல் காணாமல் போய், மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"முருகு... நீயா? இந்த நம்பர் ஒனக்கு யாரு குடுத்தா?"

முருகம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் அப்போதுதான் வந்தது. உயிரோடு இருக்கிறான். பாவி மனுஷன், உயிரோடு இருக்கிறான்.

அடுத்த நொடி கோபம் வந்தது.

"நாக்பூர்ல கடல் இருக்காய்யா?"

"ஏ, அழுவாத... சின்ன மொதலாளிதான் அனுப்புனாக. அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல, மகளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படும், அண்ணன் பேர்ல நீ போயிட்டு வா, வீட்டுலகூட மூச்சு விடாதன்னாக. பெரிய மொதலாளியோட ஓட்டர் கார்டக் குடுத்தாக. அதுல கருப்பா மங்கிக் கெடக்குற போட்டோவுக்கு யாரு வேணும்னாலும் சோலைமலைதான். நாளைக்குச் சின்ன மொதலாளியும் வாராகளாம். ரெண்டு பேருமா ஆழமான எடத்துல முங்கணுமாம்."

சண்முகத்தாய் மெல்லத் திரும்பி, அந்த வெள்ளைப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அப்ப இது யாரு?"



பாண்டிச்செல்வம் ஓடினான்.

ரொம்ப தூரம் இல்லை. வெள்ளைத்துரை சாவகாசமாகக் காலை நீட்டினார். வெள்ளைச் சட்டை புழுதியில் விழுந்து புரண்டது.

சண்முகத்தாய் அவன் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

"அண்ணன வேலைக்காரன் பேர்ல தீயில போட்டாச்சு. வேலைக்காரன அண்ணன் பேர்ல தண்ணியில முக்கணும். ஒண்ணு வெடி விபத்து. இன்னொண்ணு டூர் போன எடத்துல விபத்து. கொலைன்னு எதுக்குமே பேரு வராது. அதான?"

"ஆமா" என்று கத்தினான் பாண்டிச்செல்வம். "கம்பெனிய வளத்தது நான். வெயில்லயும் மருந்து நெடியிலயும் கெடந்தது நான். இன்னும் படிச்சே முடிக்காத மக பேருக்கு அம்புட்டையும் எழுதி வைக்கப் போறேங்காரு. அந்தப் புள்ள முன்னால நான் கையக் கட்டி நிக்கணுமாம். டூர் கெளம்புன அன்னைக்கு அண்ணன ரயில்வே ஸ்டேஷன்ல விடுறேன்னு கார்ல ஏத்துனேன். பழைய குடோன்ல மயக்க மருந்து குடுத்துப் படுக்க வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில தூக்கிட்டுப் போயி மருந்து ரூம்ல போட்டேன்."

முருகம்மாள் எழுந்து அவன் எதிரே வந்து நின்றாள்.

"உங்க அண்ணன் தம்பி சண்டைக்கு எம் புருசன் என்னடா பண்ணுனான்?"

"அவன்... கூலிக்காரன்தானே. காணாமப் போனா யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்டா!"

அறை விழுந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய்கள் பறந்தன. இந்தத் தடவை சண்முகத்தாய் தடுக்கவில்லை. ரொம்ப முக்கியமான வேலை போல, தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது அறையும் விழுந்து முடிந்த பிறகுதான் தலையில் வைத்தாள்.

ஜீப் பாண்டிச்செல்வத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. முருகம்மாளின் கையில் போன் இன்னும் இருந்தது. அதை அவளிடமிருந்து வாங்கும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

சண்முகத்தாய் ஏட்டை அருகில் அழைத்தாள்.

"முனியராஜ்தான் நமக்கு முக்கிய சாட்சி. ஊருக்குள்ள அவரு கால வச்சதுலேர்ந்து பாதுகாப்பு போடணும். ரெண்டு போலீஸ் போதும்."

"கொலைகாரன்தான் உள்ள போயிட்டானே மேடம். இனிமே அந்த ஆள யாரு என்ன பண்ணப் போறா?"

சண்முகத்தாய் கண்ணால் மட்டும் காட்டினாள்.

முருகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனுக்குள் பேசிக்கொண்டிருந்தாள்.

"பொண்டாட்டிகிட்டச் சொல்லாம நீ மீனு பாக்கப் போனியோ? வா ராசா. நீ பஸ்ஸ விட்டு எறங்கு. மிச்ச மீன நான் காட்டுறேன்."

வெள்ளைத்துரை விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"புரியுது மேடம். நாலு பேராப் போட்டுருறேன்."