அவன் பறக்கவே இல்லை

கிணறு வெட்டும்போது மண் சரிந்து அப்பாவுக்கு இடுப்பு முறிந்தது. ஐந்து மாதமாகக் கயிற்றுக் கட்டிலிலேயே கிடந்தார். இனி நடக்க மாட்டார் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். பதினொரு வயது செல்லத்தாய்க்கு அது தெரியும். ஏழு வயதுத் தம்பி காளையிடம் யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் டூரிங் கொட்டகைக்குப் புதுப் படம் வந்தது. சுவரொட்டியில் ஒருவன் ஊன்றுகோலை எறிந்துவிட்டு வானத்தில் பறந்தான்.

"அக்கா, கால் வெளங்காதவன் பறக்குறான்! எப்படின்னு பாத்துட்டு வந்து அப்பாகிட்டச் சொல்லணும்."

பக்கத்து வீட்டு மலையாண்டி மாமா இருவரையும் படத்துக்குக் கூட்டிப்போனார். திரையில் அந்த ஆள் கண்ணை மூடி நினைத்தான். உடனே எழுந்தான், பறந்தான், வெள்ளத்தில் போன பஸ்ஸைத் தூக்கினான். காளை மணலில் உட்காரவே இல்லை.

"டேய், உக்காருடா! உன் மண்டைதான் தெரியுது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

கடைசியில் அந்த ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தான். பறந்தது, தூக்கியது எல்லாம் அவன் கற்பனை. கால்கள் அசையாமல் கிடந்தன.

கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது.

மறுநாள் காலையில் அப்பா ஆசையாகக் கேட்டார். "என்னடா, பறந்தானா?"

காளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "அவன் பறக்கவே இல்ல. அம்புட்டும் பொய். நீங்களும் எந்திரிக்க மாட்டீகதான?"

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று செல்லத்தாய் நினைப்பதற்குள் அப்பா பேசினார்.

"ஆமாடா. எந்திரிக்க மாட்டேன்."

காளை விம்மி விம்மி அழுதான். யாரும் தடுக்கவில்லை. அவன் ஓய்ந்த பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்.

"நானும் அந்த ஆளு மாதிரிதான்டா. கண்ண மூடுனா கம்மாக்கரைக்கு நடந்து போயிருவேன். தெறந்தா இந்தக் கூரைதான்."

செல்லத்தாய் சட்டென்று எழுந்து வெளியே ஓடினாள். மலையாண்டி மாமா ஏரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டிருந்தார். கூட இரண்டு பேர் இருந்தார்கள்.

"மாமா! அப்பாவக் கட்டிலோட கம்மாக்கரைக்குத் தூக்கிட்டுப் போகணும். வாரீகளா?"

"அசைச்சா வலிக்குமே புள்ள" என்று வாசலுக்கு வந்த அம்மா தடுத்தாள்.

"வலிச்சா வலிக்கட்டும் முனியாயி" என்று உள்ளேயிருந்து அம்மாவிடம் சொன்னார் அப்பா.

மூன்று ஆண்களும் அம்மாவும் ஆளுக்கொரு காலாகக் கட்டிலைத் தூக்கினார்கள். ஒவ்வொரு மேட்டிலும் அப்பா பல்லைக் கடித்தார். செல்லத்தாய் அவர் முகத்தில் வெயில் படாமல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். காளை பின்னாலேயே வந்தான்.

கண்மாய்க் கரையில் இறக்கியதும் அப்பா வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். கண்கள் நிறைந்தன. திடீரென்று அவர் முகம் சுருங்கியது.

"ஏலே காளை! மடையில புல்லு அடைச்சுக் கெடக்கு, என்னடா வேடிக்க பாக்குற? போயி எடுத்து விடுறா!"

ஐந்து மாதத்தில் அப்பா அவனை அதட்டியது இதுதான் முதல் தடவை. காளை மூக்கைத் துடைத்துக்கொண்டு மடையை நோக்கி ஓடினான்.