மண் இல்லாத ஆர்க்கிட்

சூசோ நகரத்து விசாரணை அதிகாரி குவோ தேநீர்க் கோப்பையை எடுத்தபோதுதான் ஹூய் ஓடிவந்து காலில் விழுந்தாள். அவள் கணவன் தாவோ சிங் ஓவியன். நாளை நடுப்பகலில் அவன் தலையை வெட்டப் போகிறார்கள்.

"எங்க வீட்டுக்காரர் வலி தாங்காம ஒத்துக்கிட்டாருங்கய்யா. மண்ணு போட்டுத்தான் வரைஞ்சாரு. பக்கத்துல நின்னு மை அரைச்சவளே நான்தான்."

குற்றம் இதுதான்: ஆர்க்கிட் செடியை மண் இல்லாமல் வரைந்தது. நாட்டை ஆளும் அந்நியரான மஞ்சூக்கள் நம் மண்ணைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். தலை போக அது போதும். படத்துக்குப் பின்தாள் ஒட்ட வாங்கிய கடைக்காரன் நியே பாங்தான் அதை அரசாங்கத்தில் கொண்டுவந்து கொடுத்தவன்.

குவோ நியேயை வரவழைத்தார். காவலன் ஷிங் ஆர்வமாகப் படத்தை விரித்தான்.

"நல்லா பாத்துட்டேன்யா. எங்கயும் சுரண்டல, வெட்டல. மண்ணே கிடையாது!"

"பேர் எழுதியிருக்கான். ஓவியர்கள் குத்துற முத்திரை எங்கே?" என்றார் குவோ.

"பயத்துல வெச்சிருக்க மாட்டான்யா" என்றான் நியே.

"பயந்தவன் பேரை மட்டும் எழுதுவானாக்கும்?"

குவோ படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பெயருக்குக் கீழே மங்கலாக ஒரு எண்ணெய்க் கறை.

"ஏதாவது பலகாரம் பட்டிருக்கும்யா" என்றான் ஷிங்.

"பலகாரம் இவ்வளவு சதுரமாவா படும்? முத்திரைச் சிவப்புல எண்ணெய் இருக்கு. சிவப்பு மேலேயே நிக்கும், எண்ணெய் மட்டும் அடியில இறங்கும். இது ரெண்டு அடுக்குக் காகிதம், ஷிங். ஈரமா, கறுப்பா போட்ட இலையும் பேரும் அடி அடுக்குக்கு இறங்கிடுச்சு. மண்ணை உலர்ந்த தூரிகையில லேசா தடவியிருக்கான், அது இறங்கல. இந்த நியே மேல் அடுக்கை உரிச்சு வெச்சுக்கிட்டு அடியை நமக்குக் கொடுத்திருக்கான்."

ஷிங் கடைக்கு ஓடினான். காயவைக்கும் பலகையில் வேறொரு படத்துக்குப் பின்னால் மேல் அடுக்கு இருந்தது; எடுத்துவந்தான். செடிக்கடியில் மண், ஓரத்தில் சிவப்பு முத்திரை.

"இதை ஏண்டா கிழிச்சுப் போடல?" என்று நியேயிடம் கேட்டார் குவோ.

"ரொம்ப நல்ல படம்யா. மனசு வரல."

"அவன் தலை போகும்னு தெரியுமில்ல?"

"தேநீர்க்கடையில அத்தனை பேருக்கு முன்னாடி என் பசை நாறுதுன்னான்யா."

காகிதத்தைக் கிழிக்க மனம் வராதவன் கழுத்தை வெட்டக் கொடுத்திருக்கிறான்.

தாவோ சிங்கை அழைத்துவந்தார்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஷிங் தூரிகையை நீட்டினான். அது கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் விழுந்தது. வாக்குமூலத்துக்காக தாவோவின் விரல்களைக் கயிறு கோத்த கட்டைகளுக்கிடையே வைத்து நெரித்திருந்தார்கள். எட்டு விரல்கள் முறிந்திருந்தன.

"கயிறு இழுத்தது நான்தான்" என்றான் ஷிங், தலையைக் குனிந்தபடி. "உத்தரவுல கையெழுத்து ஐயாவோடது."

ஹூய் கணவனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படத்தை முன்னாடியே ஒரு தடவ வெளிச்சத்துல புடிச்சிருக்கலாமேய்யா" என்றாள்.

"ரேகை போதும்" என்றார் குவோ. ஷிங் வீக்கம் குறைந்த விரலாகத் தேடிப் பிடித்து மையில் அழுத்தினான். தாவோ அலறினான்.